கெல்ட்டிபேரிய எழுத்துகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பெயினில் கிடைத்த பழைய கெல்ட்டிய வெண்கலத் தகடுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ‘எழுத்தை முழுவதும் வாசிக்க முடிகிறது, பொருள்தான் பிடிபடவில்லை’ என்று ஒரு வரி வந்தது. வாசித்துவிட்டால் பொருளும் தெரிந்துவிட வேண்டாமா? ரொசெட்டா கல் போல இருமொழிப் பொறிப்பு ஏதாவது அங்கே கிடைத்ததா?

ம., விருதுநகர்

அன்புள்ள ம.,

அப்படி ஒரு பெரிய இருமொழிக் கல் கிடைக்கவில்லை. வழிகாட்டியவை பெரும்பாலும் காசுகள்தான். அந்தத் தகடுகளை எழுதிய கெல்ட்டிய மக்களான கெல்ட்டிபேரியர்கள் தங்கள் அண்டை வீட்டாரான ஐபீரியர்களிடமிருந்து எழுத்தைக் கடன் வாங்கியவர்கள். அதில் உயிர்களுக்கும் ல், ன், ர், ஸ் போன்ற ஒலிகளுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. க, த, ப வகை ஒலிகளுக்கு மட்டும் உயிரோடு சேர்ந்த ஒரே குறி. இந்தக் கலப்பு முறையை 1920களில் தெளிவாக நிறுவியவர் மனுவேல் கோமெஸ் மொரேனோ.

ஊர்ப்பெயர்களில் அது பொருந்தியது. லத்தீன் கவிஞர் மார்ஷியலின் ஊர் பில்பிலிஸ். அதன் பழைய காசில் ஊரின் பெயர் உள்ளூர் எழுத்தில் இருக்கிறது, ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலக் காசில் லத்தீன் எழுத்தில். செகெடா என்ற ஊரின் காசுகளிலும் பெயர் உண்டு. கி.மு. 153இல் ரோமோடு போருக்கு நின்ற ஊர் அது. அந்தப் போருக்காகத்தான் ரோமின் தலைமை அதிகாரிகளான கான்சல்கள் பதவியேற்கும் நாள் ஜனவரி 1ஆம் தேதிக்கு மாற்றப்பட்டது.

இனி உங்கள் கேள்வி. அந்த எழுத்து பொதுவாக க-வையும் (k) அதன் அதிர்வொலியையும் (g) பிரித்துக் காட்டாது. ‘கங்கை’ என்று எழுதியிருப்பதை நாம் சரியாக உச்சரிப்பது அந்தச் சொல் நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால். அந்த மொழியைத் தெரிந்தவர் யாரும் இன்று இல்லை. அடுத்தடுத்து வரும் மெய்களையும் நேராக எழுத வழியில்லை. ‘த்ரி’ என்பது ‘திரி’ ஆகிவிடும். அங்கே இடையில் வரும் இகரம் மொழியில் உள்ளதா, எழுத்தின் இயலாமையா? ஒவ்வொரு சொல்லிலும் இதை யோசித்துத்தான் ஆக வேண்டும்.

1970இல் சரகோசாவுக்கு அருகே போத்தோரீத்தாவில் ஒரு தகடு கிடைத்தது. ஒரு பக்கத்தில் 11 வரிகள். அதில் ‘நெகுவே’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. லத்தீனின் ‘நெக்வே’யை அறிந்தவருக்கு உடனே புரியும்: இதுவும் கூடாது, அதுவும் கூடாது என்கிற தடை. சட்டம் பேசும் தகடு என்பது அதனால்தான் தெரிகிறது. எது கூடாது என்பதில்தான் சண்டை. அந்த வினைச்சொற்களுக்கு, அதே கெல்ட்டியக் குடும்பத்தைச் சேர்ந்த அயர்லாந்து, வேல்ஸ் மொழிகளில் உறவு தேடுகிறார்கள். ஒருவர் காட்டும் உறவை இன்னொருவர் ஏற்பதில்லை. இந்த அளவுக்காவது உறவினர் இருப்பது பெரிய கொடை என்றே நினைக்கிறேன். எழுத்தைக் கொடுத்த ஐபீரியர்களின் மொழிக்கு உறுதியான உறவு எதுவும் நிறுவப்படவில்லை. அவர்களுடைய பொறிப்புகளை உரக்க வாசிக்கலாம், ஒரு வாக்கியம்கூட உறுதியாகப் புரியாது.

தகட்டின் மறுபக்கம் நமக்கு இரக்கம் காட்டியது. அங்கே இருப்பது ஆட்களின் பட்டியல்: பெயர், ‘கும்’ என்று முடியும் குடும்பப் பெயர், தந்தை பெயர். 1979இல் அதே ஊரில் ஒரு லத்தீன் தகடு வெளிவந்தது. கி.மு. 87இல் நடந்த வாய்க்கால் வழக்கின் தீர்ப்பு அது. அதில் வரும் உள்ளூர் அதிகாரி ஒருவரின் பெயர் ‘லுப்புஸ் உர்தினோகும், லெதோந்தோவின் மகன்’. குடும்பப் பெயரை லத்தீனாக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். பட்டியலின் அமைப்பு அந்த வரியில் ஐயமில்லாமல் உறுதியானது. நீங்கள் கேட்ட ரொசெட்டா கல்லுக்கு அங்கே மிக அருகில் வருவது இதுதான். ஆனால் அது பெயர்களுக்குத்தான் உதவுகிறது, முன்பக்கத்தின் வினைச்சொற்களுக்கு அல்ல.