சத்தமில்லாமல் மாறிய பட்டா: மனுவில் எந்தச் சொல்?

கேள்வி: அப்பா காலமானபின், அவர் பெயரிலிருந்த மூன்று மா (எங்கள் ஊர் நில அளவு) நஞ்சையின் பட்டாவை அண்ணன் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொண்டார். கோட்டாட்சியருக்கான மேல்முறையீட்டில் 'காதும் காதும் வைத்தாற்போல்' என்று எழுதினேன். மனு எழுதித் தருபவர் 'மோசடியாக' என்றே போடச் சொல்கிறார். எது சரி? (வாசகி, கும்பகோணம்)

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. 'கமுக்கமாக', 'திருட்டுத்தனமாக' என்பதெல்லாம் அண்ணனின் நடத்தையைப் பற்றிய பேச்சு. உங்கள் மேல்முறையீடோ வட்டாட்சியர் அலுவலகம் போட்ட உத்தரவின் மேல். அங்கே எடுபடும் வாக்கியம் இது: "வாரிசுதாரரான எனக்கு அறிவிப்பு அனுப்பாமலும், என்னை விசாரிக்காமலும் பட்டா மாற்றம் செய்யப்பட்டுள்ளது." மூன்று மா என்றும் எழுதாதீர்கள். பட்டாவில் உள்ளபடி புல எண், உட்பிரிவு, ஹெக்டேர்-ஏர் அளவு வேண்டும். மாற்றம் உங்களுக்கு என்றைக்குத் தெரிந்தது என்ற தேதியும் வேண்டும்.

'மோசடி' என்று போட்டால் யார், எப்போது, எந்தக் காகிதத்தில் செய்தார் என்று நீங்கள்தான் காட்டியாக வேண்டும். வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயரை விட்டிருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள். மனு காரசாரமாக இருந்தால் கூலி கூடும் என்பதற்காகவே சிலர் இந்தச் சொல்லைத் திணிக்கிறார்கள். "தாலுகா ஆபீஸிலேயே ரத்து வாங்கித் தருகிறேன்" என்று வரும் தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 1983ஆம் ஆண்டு பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி மேல்முறையீடு கோட்டாட்சியரிடம்தான்.

முதலில் கோப்பைப் பாருங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அண்ணனின் விண்ணப்பம், இணைப்புகள், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, அறிவிப்பு உங்களிடம் சேர்க்கப்பட்டதற்கான ஒப்புகை, உத்தரவு ஆகியவற்றின் நகல் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும். பெரும்பாலும் அந்த ஒப்புகைதான் இருக்காது. 'அறிவிப்பு அனுப்பப்பட்டது' என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். பெண்வாரிசு எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று விசாரிக்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை!

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: உயில். வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். பதிவு செய்த உயிலும் அதில் வராது. அது பதிவு அலுவலகத்தின் 3ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டுமே நகல் கிடைக்கும். இறந்தபின் யார் விண்ணப்பித்தாலும் தருவார்கள். அப்பாவின் இறப்புச் சான்றோடு போய்த் தேடச் சொல்லுங்கள். பதிவு செய்யாத உயில் அங்கேயும் இருக்காது; அண்ணனின் விண்ணப்ப இணைப்பில்தான் தென்படும். உயில் இருந்தால் இந்த மனுவால் பயனில்லை. வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும். ஆகவே கோப்பையும் உயிலையும் பார்த்துவிட்டு மனுவை எழுதுங்கள்.