ஸ்மித்னு இத்தனை பேர் இருக்காங்களே, எல்லாரும் ஒரே குடும்பமா? அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?

ஒரே குடும்பம் எல்லாம் இல்லைங்க. ஸ்டீவ் ஸ்மித், கிரேம் ஸ்மித்னு கிரிக்கெட்ல பாத்துட்டு கேட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன். ஸ்மித்னா கொல்லர். அந்தக் காலத்து இங்கிலாந்துல ஊருக்கு ஊர் பட்டறை உண்டு, 1400 வாக்குல தொழில் பேரே பரம்பரைப் பேரா நின்னுடுச்சு, அதனாலதான் இன்னிக்கும் இங்கிலாந்து, அமெரிக்கா ரெண்டுலயும் அதிகம் பேருக்கு இருக்குற குடும்பப் பேர் இதுதான். ஜெர்மனில ஷ்மிட், இத்தாலில ஃபெராரி, போலந்துல கோவால்ஸ்கி, எல்லாம் இரும்படிச்சவங்க பேருதான்.

எங்க அப்பாவும் கொல்லுப்பட்டறை வச்சிருந்தவர். (சாதிப் பெருமை பேசுறான்னு யாரும் வந்துடாதீங்க, நான் தொழிலப் பத்தி மட்டும்தான் பேசுறேன்.) ஸ்கூல்ல ஒரு வாத்தியார் அப்பா என்ன பண்றாருன்னு கேட்டு, நான் சொன்னதும் பசங்க சிரிச்சாங்க, அவரும் சேந்து சிரிச்சார். அன்னிக்கு மட்டும் வில்லியம் ஸ்மித் பத்தி எனக்குத் தெரிஞ்சிருந்தா எந்திரிச்சு நின்னு சொல்லியிருப்பேன்.

அவர் 1769ல ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல பொறந்தவர், நிஜமாவே ஊர்க் கொல்லரோட பையன், சின்ன வயசுலயே அப்பா தவறிட்டார். நிலக்கரிச் சுரங்கம், கால்வாய்னு சர்வே வேலைக்குப் போன இடத்துல பாறை அடுக்குகளப் பாத்துப் பாத்து, ஒவ்வொரு அடுக்குலயும் தனித்தனி வகை புதைபடிவம் இருக்குன்னு கண்டுபிடிச்சு, 1815ல இங்கிலாந்து, வேல்ஸ் முழுசுக்கும் நிலவியல் வரைபடம் போட்டார். கிட்டத்தட்ட தனி ஆளா! ஆனா லண்டன் நிலவியல் சங்கத்துப் பெரிய மனுசங்க அவரச் சேத்துக்கல, அவர் உழைப்பையே எடுத்துப் போட்டியா 1820ல இன்னொரு மேப் விட்டாங்க. அதுக்கு முந்தின வருசமே மனுசன் கடனுக்காக ஜெயிலுக்குப் போயிட்டு வந்துட்டார். 1831லதான் அதே சங்கம் கூப்பிட்டு மெடல் குடுத்துச்சு.

இதப் படிச்சப்ப எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான். அருவாளக் காய்ச்சித் தண்ணில முக்கித் தோய்ச்சல் போடணும், கலப்பைக்குக் கொழு அடிக்கணும்னா விடியறதுக்குள்ள வந்து நிப்பாங்க, அறுப்பு முடிஞ்சு களத்துல நெல் அளக்கும்போது மட்டும் பட்டறைக்காரருக்குக் கடைசியாத்தான் அளப்பாங்க, அதுவும் தூத்தாத நெல்லு. வருசம் பூரா வாங்கின வேலைக்கு அதுதான் கூலி. கேட்டா கோவம் வேற வரும் அவங்களுக்கு.

மத்த ஸ்மித்னா, பொருளாதாரத்துக்கு ஆடம் ஸ்மித், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸ்ல 200 மீட்டர் தங்கம் வாங்கிட்டு மேடையில கறுப்புக் கையுறையோட முஷ்டிய உயர்த்தின டாமி ஸ்மித், நடிகை மேகி ஸ்மித்னு நிறைய பேர் இருக்காங்க. என்னக் கேட்டா, வில்லியம் ஸ்மித்துக்கு அப்புறம்தான் இவங்கல்லாம்.