ரோட்டா சொட்டு போட்டும் பேதி ஏன்?

கேள்வி: என் மகளுக்கு 9 மாதம். நேற்று முன்தினம் வாந்தியில் ஆரம்பித்து, இப்போது தண்ணீராகப் பேதி, லேசான காய்ச்சல். பல் முளைப்பதால்தான் என்கிறார் மாமியார்; தாய்ப்பாலையும் நிறுத்தச் சொல்கிறார். டாக்டரோ ‘வைரஸ்’ என்று சொல்லி ஓஆர்எஸ்ஸும் ஜிங்க் சிரப்பும் மட்டும் கொடுத்தார். ஆன்டிபயாட்டிக் வேண்டாமா? ரோட்டா சொட்டு மருந்து மூன்று தவணையும் போட்டோமே, பிறகு ஏன் வந்தது?

பதில்: முதலில், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். வாந்தி எடுத்தாலும் பாலில் ஒரு பகுதி உள்ளே தங்கத்தான் செய்கிறது.

உங்கள் டாக்டர் சொன்னது சரி. வாந்தியில் தொடங்கி, இரத்தமில்லாமல் தண்ணீராகப் போகும் பேதி கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வைரஸால்தான் வரும். ரோட்டா, நோரோ, அடினோ, ஆஸ்ட்ரோ என்று பல வைரஸ்கள் உண்டு. 1973-ல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் பேதி கண்ட குழந்தைகளின் குடல் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் ரோட்டாவைக் கண்டுபிடித்தார்கள். பல் மேல் பழி விழுவது, இரண்டும் ஒரே வயதில் வருவதால். தவழும் குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும். தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தியும் அந்த நேரத்தில் குறைந்திருக்கும்.

சிறுகுடலின் உட்புறம் சின்னச் சின்ன விரல்கள் போல் உறிஞ்சிகள் இருக்கின்றன. ரோட்டா அவற்றின் நுனியைச் சிதைப்பதால், உறிஞ்சப்பட வேண்டிய தண்ணீர் அப்படியே வெளியேறிவிடுகிறது. சில நாட்களில் புது செல்கள் வளர்ந்துவிடும். அதுவரை உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. அதுவே சில சமயம் பேதியைக் கூட்டிவிடும். பேதியைக் கட்டும் மாத்திரையைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து குடலிலிருந்து உடம்புக்குள் நுழையும் வழி இந்த நோயிலும் முழுக்க அடைபடுவதில்லை. அவற்றோடு தண்ணீரும் உள்ளே போகும். ஓஆர்எஸ் வேலை செய்வது இப்படித்தான், அதனால் அளவு முக்கியம். பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் கிடைக்கிறது, உறையைப் படியுங்கள். தம்ளரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்குவதை அடிக்கடி பார்க்கிறேன், அது பலிக்காது. குளுக்கோஸ் பவுடரோ டப்பா ஜூஸோ இதற்கு மாற்று அல்ல.

பாட்டிலில் கொடுத்தால் மடக் மடக்கென்று குடித்துவிட்டு மொத்தமாகக் கக்கிவிடும். மடியில் சற்று நிமிர்த்தி வைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் கொடுங்கள். கக்கினால் பத்து நிமிடம் விட்டு, அப்புறம் இன்னும் மெதுவாக. கை வலிக்கும், தூக்கம் கெடும், ஆனால் பெரும்பாலான குழந்தைகளை ட்ரிப்ஸ் வரை போகாமல் காப்பது இதுதான். ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி உள்ளே போக வேண்டும். குழைந்த சோறு, இட்லி என்று வழக்கமான உணவும் தொடரட்டும். ஜிங்க் இந்த வயதில் தினம் 20 மில்லிகிராம், பேதி நின்றாலும் 14 நாள் முழுக்க.

தடுப்பு மருந்து வீணாகவில்லை. ரோட்டாவால் வரும் கடுமையான பேதியைக் குறைப்பதற்காகத்தான் அது. நோரோவையும் மற்றவற்றையும் அது தடுக்காது. ரோட்டாவே வந்தாலும், போட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் லேசாக வந்து போகும். நோரோவுக்கு சானிடைசர் போதாது. துணி மாற்றிய கையை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மாமியாரும்தான்.

இரண்டு நாளைக்கு டயாப்பரைக் கழற்றிவிட்டுப் பருத்தித் துணி கட்டுங்கள். டயாப்பரில் பேதியா சிறுநீரா என்று தெரியாது. ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, உச்சிக்குழியும் கண்ணும் உள்வாங்கியிருக்கின்றன, வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாகத்தான் இறங்குகிறது, துவண்டு கிடக்கிறாள், கொடுத்ததெல்லாம் வாந்தியாகிறது: இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, காலை மடக்கி மடக்கி வீறிட்டு அழுவது என்றால் அது வேறு பிரச்சினையாக இருக்கலாம். நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.