வகுக்காமலே எப்படிச் சொல்கிறார்கள்?

ஐயா, வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். உலகத்திலேயே பெரிய பகா எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள், நாலு கோடி இலக்கம் என்று என் பையன் போனில் காட்டினான். அவ்வளவு பெரிய எண்ணை எதெதால் வகுத்துப் பார்த்தார்கள்? சும்மா அடித்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? பேங்க் பாதுகாப்பெல்லாம் இதை வைத்துத்தான் என்கிறான், நிஜமா?

- ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாததுதான் பகா எண், ஆனால் அதைப் பார்க்க வகுக்கவே இல்லை. வினாடிக்கு ஓர் இலக்கமாகத் தூங்காமல் வாசித்தாலே அந்த எண்ணை முடிக்க ஒரு வருடம் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், அப்புறம் எங்கே ஒவ்வொன்றாக வகுப்பது!

2-இன் 13,62,79,841-ஆவது அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் அந்த எண். 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்பவர் கண்டுபிடித்தார், மொத்தம் 4,10,24,320 இலக்கம். இப்படி 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்து வரும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர், பெரிய பகா எண் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே சுற்றிச்சுற்றி வருவதற்குக் காரணம் இவற்றுக்கென்றே லூகாஸ்-லேமர் சோதனை என்று ஒன்று இருப்பதுதான். 31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 2-இன் 5-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. எப்போதும் 4-இல் தொடங்க வேண்டும். அதை அதாலேயே பெருக்கி 2 கழித்தால் 14. மறுபடி அதே மாதிரி, 194, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. மீதியை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொரு முறை, 62, மீதி பூஜ்யம். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை, அதாவது இங்கே மூன்று தடவை, செய்த பிறகு பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான 2047-க்கு ஒன்பது தடவை செய்தால் 1736 மிஞ்சும், ஆகவே அது பகா எண் இல்லை (23-ஐ 89-ஆல் பெருக்கினால் 2047).

உங்கள் தொழிலில் வெள்ளியை உருக்காமலே மெஷினில் வைத்து டச் (எவ்வளவு சுத்தம் என்று) பார்க்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான் இது. ஆனால் மெஷின் என்ன கலந்திருக்கிறது என்றும் சொல்லிவிடும், இந்தச் சோதனை கலப்பு உண்டு என்பதோடு நின்றுவிடும். எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான். 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான எண் பகா எண் இல்லை என்று எட்வார்ட் லூகாஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1876-லேயே காட்டிவிட்டார், ஆனால் எதால் வகுபடும் என்று அவருக்குத் தெரியாது. ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கர் 193707721, 761838257287 என்று அந்த இரண்டு காரணிகளையும் எடுத்துவைத்தது 1903-இல்!

அடித்துவிட முடியாது, வேறு கம்ப்யூட்டரில் வேறு புரோகிராமில் திரும்ப ஓட்டிப் பார்த்த பிறகுதான் அறிவித்தார்கள்.

பேங்க் விஷயத்தில் பையன் சொன்னது பாதி சரி. அங்கேயும் பகா எண்கள்தான், ஆனால் முந்நூறு இலக்கம்போல இருக்கும், ரகசியமாகவும் இருக்க வேண்டும். இதுவோ உலகத்துக்கே தெரிந்த எண், அந்த வேலைக்கு ஆகாது. அவனிடம் 127-ஐக் கொடுத்து ஐந்து தடவை செய்யச் சொல்லுங்கள், 14, 67, 42, 111, 0 என்று வர வேண்டும்.