பெற்றவர்களுக்கு மட்டும் மறைத்த படங்கள்

கேள்வி: நான் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் முதுகலை படிக்கிறேன். 2025 ஜனவரி 21 அன்று இங்கே அபூர்வமாகப் பனி கொட்டியதால் வகுப்புகள் ரத்தாயின. ஒன்றரை ஆண்டுகளாகப் பேசிப் பழகாத அக்கம்பக்கத்தாருடன் மிசிசிப்பி ஆற்றின் கரைமேட்டில் அட்டைப் பெட்டியில் அமர்ந்து சறுக்கினேன். எதிர்வீட்டு மூதாட்டி வெண்டைக்காயும் இறாலும் போட்ட கம்போ என்னும் குழம்பைக் கொடுத்தார். அம்மாவும் அப்பாவும் பார்க்க முடியாதபடி மாற்றிவிட்டு, படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் என்னை அனுப்பினார். கடன் இருக்கும்போது இப்படி மகிழ்ந்திருந்தது தவறா?
— திருச்சி வாசகர்

பதில்: தம்பி, அந்த ஊர் விமான நிலையத்தில் அன்று பதிவானது 8 அங்குலப் பனி, அதற்கு முன் அங்கே பதிவான உச்சம் 1963ஆம் ஆண்டின் கடைசி நாளில் பெய்த 2.7 அங்குலம். நெடுஞ்சாலையையே மூடிவிட்ட அந்த நாளில் நீங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் கடனில் ஒரு ரூபாய் குறைந்திருக்காது. உங்கள் கேள்விக்கு இவ்வளவு போதும்.

நீங்கள் கேட்காமல் விட்டதைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது. படங்களை மறைத்ததைப் போகிறபோக்கில் ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அது விரல் தவறி நிகழும் காரியமன்று; கைப்பேசியில் அம்மாவின் பெயரையும் அப்பாவின் பெயரையும் தேடி எடுத்து, இவர்கள் இருவரும் பார்க்க வேண்டாம் என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். என்றோ உடன் படித்தவர் பார்க்கலாம், வீட்டுத் தரகர் பார்க்கலாம், பத்திரத்தை எடுத்துக் கொடுத்தவர் மட்டும் பார்க்கக் கூடாதா? வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளின் கடிதங்களில் இந்த வழக்கத்தைப் பலமுறை பார்த்துவிட்டேன். பெற்றோர் வருந்தக் கூடாது என்பதற்காக என்று காரணம் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. மகன் சிரித்தால் கணக்குக் கேட்பார் என்று நீங்களாகவே முடிவு செய்து, பெற்ற தகப்பனை வட்டிக்காரராக்கிவிட்டீர்கள்.

அவர் உண்மையிலேயே கோபித்து, “படிக்கப் போனாயா, விளையாடப் போனாயா?” என்று கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் கொடுப்பதும் பிள்ளையின் கடமைதான். தவணை கட்டுவதோடு அந்தக் கடமை முடிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. வாடகை, தேர்வு, டாலர் விலை ஆகியவற்றை மட்டுமே மகன் வாயிலாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு, அவன் நன்றாக இருக்கிறான் என்பதைக் கண்ணால் காணும் உரிமை உண்டு. அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே இரவு ஒன்பதரை. அன்று நீங்கள் அழைத்திருந்தால் இருவருமே பனி பெய்வதைப் பார்த்திருப்பார்கள். முன்பின் பழகாத ஓர் அம்மையார் வெண்டைக்காய் போட்ட குழம்பைச் சோற்றோடு கொடுத்தார் என்ற செய்தி, பிள்ளை சாப்பிட்டானோ என்று நாள்தோறும் கவலைப்படும் தாய்க்கு எத்தனை ஆறுதலாக இருந்திருக்கும்! அவர் செய்முறைகூடக் கேட்டிருப்பார்.

அந்த ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்திலேயே மறைந்திருக்கும். ஆகவே படங்களை இருவருக்கும் நேரடியாக அனுப்புங்கள். முதலில் மறைத்ததையும் சொல்லுங்கள். அப்பா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து அழைத்து, அவரிடமே பேசுங்கள். வழக்கம்போல் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவர் வழியாக அப்பாவுக்குப் போய்ச் சேரட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.