மத்திய வங்கி வட்டியைக் குறைத்தும் என் வீட்டுக் கடன் தவணை ஏன் குறையவில்லை? ஒரேயடியாகக் குறைத்தால் என்ன?

கொழும்பு கோட்டை ஜனாதிபதி மாவத்தையில் இருக்கும் மத்திய வங்கி உங்கள் கடனுக்கு வட்டி குறிப்பதில்லை. வங்கிகள் தமக்குள் ஓர் இரவுக்குக் கைமாற்றும் பணத்தின் விலையைத்தான் அது பிடித்துவைக்கிறது.

நாள் முடிவில் கணக்குத் தீர்க்கும்போது ஒரு வங்கியிடம் பணம் எஞ்சும், இன்னொன்றுக்கு இடிக்கும். எஞ்சியதை மத்திய வங்கியில் வைக்கலாம். இடித்தால் திறைசேரி உண்டியலை (அரசாங்கம் குறுங்காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம்) பிணை வைத்து அங்கேயே வாங்கலாம். 2025 மே மாதம் ஓரிரவுக் கொள்கை வீதம், அதாவது இந்தக் கைமாற்றுக்கு மத்திய வங்கி குறிக்கும் வட்டி, 7.75 ஆனபோது, வைப்புக்கு 7.25, கடனுக்கு 8.25. மத்திய வங்கியே 7.25 தரும்போது அதற்குக் கீழே யார் கொடுப்பார்கள்? 8.25க்கு அங்கே வாங்க முடியும்போது அதற்கு மேலே யார் வாங்குவார்கள்? கைமாற்று வட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடும்.

உங்கள் தவணைக்கு அது வந்துசேர மாதக்கணக்கு ஆகும். வங்கி உங்களுக்குக் கொடுத்தது பெரும்பாலும் மற்றவர்களின் நிலையான வைப்புப் பணம். போன வருடம் கூடிய வட்டிக்கு எடுத்த வைப்பு முதிரும்வரை வங்கியின் செலவு இறங்காது.

கடன் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். முதல் சில வருடங்களுக்கு நிலையான வட்டி என்றிருந்தால் அதுவரை ஒன்றும் மாறாது. மாறும் வட்டி என்றால் 'முதன்மைக் கடன் வீதம் கூட்டல் 2' (வங்கிகள் தம் சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வட்டிக்கு மேல் 2) என்ற மாதிரி ஒரு வரியும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள் என்பதும் இருக்கும். பலர் கவனிக்காமல் விடுவது குறைந்தபட்ச வட்டி வாசகத்தை: வீதம் எவ்வளவு இறங்கினாலும் அதற்குக் கீழே போகமாட்டார்கள். சில வங்கிகள் தவணையை அப்படியே விட்டுக் காலத்தைக் குறைக்கும். அப்படியானால் இலாபம் உங்களுக்குத்தான், தெரியாமல் நடக்கிறது. 50 இலட்சம், 10 வருடக் கடனில் 12 வீதம் 11 ஆனால் மாதத் தவணை 71,735இலிருந்து 68,875 ஆகும். பெரிய வீழ்ச்சி இல்லை.

ஒரேயடியாகக் குறைப்பதா? 2020 நடுப்பகுதியில் மத்திய வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கும் கடன் வீதம் 5.5 வரை இறக்கப்பட்டது. அரசாங்கத்தின் உண்டியல்களையும் மத்திய வங்கியே பெருமளவில் வாங்கியது. நாம் 'காசு அடிக்கிறது' என்பது இதைத்தான். அந்தப் பணம் இறக்குமதியைத் தேடிப் போக, டொலர் கையிருப்பு கரைந்தது. 200 ரூபாவை ஒட்டிப் பிடித்துவைத்த டொலர், 2022 மார்ச்சில் பிடி விட்டதும் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். அதற்கு முன்பே, அதே வருடம் ஏப்ரல் 8இல், வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி ஏற்ற வேண்டி வந்தது, கடன் வீதம் 14.5.

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், மத்திய வங்கி உண்டியல்களை அரசாங்கத்திடமிருந்து நேரடியாக வாங்குவதைத் தடுக்கிறது. பணவீக்க இலக்கு 5 வீதம். தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் அந்த இலக்கைச் சுற்றி விட்ட வரம்பைத் தவறவிட்டால் ஏன் என்று பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும்.