ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்’ (infer) என்றால் ஊகிப்பதா? ‘இம்ப்ளை’ (imply) என்பதும் அதுவும் ஒன்றா?

நீங்கள் மொழிபெயர்ப்பவராகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் அகராதியில் ‘ஊகி’ என்று பார்த்ததும் நகர்ந்துவிடுவார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் நகர்ந்தேன்.

அது ஒரு விபத்து அறிக்கை. சாலையில் பதிந்த டயர் தடத்தை அளந்து, தரையின் உராய்வையும் கணக்கில் சேர்த்து, லாரி வந்த வேகத்தைப் பொறியாளர் கண்டறிந்திருந்தார். அந்த முடிவைச் சொல்ல அவர் எழுதிய வினைச்சொல் ‘இன்ஃபர்’. நான் ‘ஊகிக்கிறோம்’ என்று எழுதினேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டார்: “இது ஊகம் என்று அறிக்கையே ஒப்புக்கொள்கிறதே!” அளந்து கணக்கிட்ட ஒருவரின் உழைப்பு என் ஒரு சொல்லால் குறிசொல்வதைப் போல ஆகிவிட்டது. இன்றும் அதை நினைத்தால் மனம் கூசுகிறது.

வடமொழியில் ஊகம் தர்க்கச் சொல்தானே என்று சிலர் வருவார்கள். ஆம். ஆனால் இன்று அதைக் கேட்பவர் காதில் ஆதாரமில்லாத நினைப்பு என்றுதான் விழுகிறது. கையிலுள்ள சான்றிலிருந்து முடிவுக்குப் போவதே ‘இன்ஃபர்’. புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று அறிவதைப் போல. அதற்கு ‘உய்த்துணர்’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. உய்த்தல் என்றால் கொண்டு செலுத்துதல். ‘இன்ஃபர்’ பிறந்த லத்தீன் வேருக்கும் கொண்டுவருதல் என்றே பொருள்.

‘இம்ப்ளை’ எதிர்த் திசையில் நடப்பது. சொல்பவர் வெளிப்படையாகச் சொல்லாமல் உள்ளே பொதிந்து வைக்கிறார், கேட்பவர் உய்த்துணர்கிறார். நூல் எழுதுவதற்கென நன்னூல் அடுக்கும் 32 உத்திகளில் ‘உய்த்துணர வைப்பு’ என்று ஒன்று உண்டு. வைப்பவர் ஒருவர், உணர்பவர் இன்னொருவர். இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் பிரித்துக்காட்ட இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மோர் 16ஆம் நூற்றாண்டிலேயே ‘இன்ஃபர்’ என்பதை ‘இம்ப்ளை’ என்ற பொருளிலும் எழுதியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதைக் காட்டி யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தேர்விலும் அலுவலக அறிக்கையிலும் அப்படி எழுதினால் பிழை என்றுதான் பலரும் திருத்துவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த அறிக்கை மாலையில் என் கைக்கு வந்தது, காலையில் திருப்பித் தரச் சொன்னார்கள். மெய்ப்புப் பார்க்க ஒருவரும் இல்லை. பிழை வெளிப்பட்டதும் என் கூலியைப் பாதியாக வெட்டினார்கள். அவசரப்படுத்தியவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.